குழந்தைகள் வரைந்த விலங்குகள்: ஒரு சிறு வரலாறு

குழந்தை வரையும் படத்தைக் கலையென்று கருதும் வழக்கம் அண்மைக்காலத்தது. ஆனால் குழந்தைகள் விலங்குகளை வரைவதும், வரைந்ததைப் பிறருக்குக் காட்டி மகிழ்வதும் மிகப் பழைய செயல்கள்.

ரஷ்யாவின் நோவ்கொரோட் நகரில் 1956ஆம் ஆண்டு நடந்த அகழாய்வில் ஓன்ஃபிம் என்னும் சிறுவனின் பூர்ச்சமரப் பட்டைகள் கிடைத்தன. நமக்குப் பனையோலை போல அவர்களுக்கு மரப்பட்டை. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சிறுவனுக்கு அப்போது ஆறேழு வயதிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. ஒரு பட்டையில் எழுத்துப் பயிற்சி செய்தவன், மறுபுறம் சுருண்ட வாலுடைய விலங்கொன்றை வரைந்து, தானே அந்தக் காட்டு விலங்கு என்று எழுதியிருக்கிறான். டானிலா என்பவனுக்கு அதில் வணக்கமும் சொல்லியிருக்கிறான். பள்ளித் தோழனாக இருக்கக்கூடும்.

தமிழில் இதற்கு நிகரான சான்று வேறொரு வடிவில் இருக்கிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்று சிற்றில். தாங்கள் மணலில் கட்டிய சிறுவீட்டைச் சிதைக்க வேண்டா என்று சிறுமியர் பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையை வேண்டுவது அதன் பொருள். அழிந்துவிடக்கூடியது என்று தெரிந்தே செய்த ஒன்றுக்காக இறைஞ்சும் குரலை நம் புலவர்கள் ஒரு பருவமாகவே வகுத்து வைத்தார்கள். ஆயினும் மணல் வீடுகளோ, சுவரில் கரியால் இழுத்த கோடுகளோ நமக்கு எஞ்சவில்லை.

ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இதே நிலைதான். இத்தாலியின் பொலோனா நகரில் மழைக்கு ஒதுங்கிய கொராடோ ரிச்சி, அங்கிருந்த சுவரில் சிறுவர்கள் கிறுக்கியவற்றைக் கூர்ந்து பார்த்தார். அதன் விளைவாக 1887இல் குழந்தைகளின் கலை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1897இல் வியன்னாவில் ஃபிரான்ஸ் சிஸெக் சிறுவர் ஓவிய வகுப்பைத் தொடங்கினார். 1912இல் காண்டின்ஸ்கியும் ஃபிரான்ஸ் மார்க்கும் வெளியிட்ட 'நீலக் குதிரைவீரன்' தொகுப்பில் குழந்தைகளின் படங்களும் இடம்பெற்றன. நீலக் குதிரைகளைத் தீட்டிப் புகழ்பெற்றவர் மார்க் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

நம் நாட்டில் இப்பணியைப் பெரிய அளவில் செய்தவர் கேலிச்சித்திரக்காரர் கே. சங்கர் பிள்ளை. 'சங்கர்ஸ் வீக்லி' இதழின் சார்பில் 1949இல் அவர் தொடங்கிய குழந்தைகள் ஓவியப் போட்டி விரைவிலேயே பன்னாட்டுப் போட்டியாக வளர்ந்தது. தேர்ந்த படங்கள் மலராக அச்சேறின. 1957இல் அவர் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையையும் நிறுவினார். கொச்சியில் 1976இல் பிறந்து 1983இல், ஏழு வயது நிறைவதற்குள் மறைந்த கிளிண்ட் என்னும் சிறுவன் ஏறத்தாழ 25,000 படங்கள் வரைந்ததாகச் சொல்லப்படுகிறது. பெற்றோர் பேணி வைத்ததால் அவை பலருடைய பார்வைக்கு வந்தன.

எங்கள் பட்டாபிராமில் மழலையர் பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளின் கைகளில் இன்றும் மஞ்சள் யானையும் ஊதாப் புலியும் இருக்கின்றன. பெற்றோர் அவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து உறவினருக்கு அனுப்புகிறார்கள். ஓன்ஃபிம் செய்ததும் இதுவே. ஆனால் யானை கறுப்பாகத்தானே இருக்கும் என்று திருத்துகிற கையும் அதே வீட்டில், அதே பள்ளியில் இருக்கிறது. கோட்டுக்குள் வண்ணம் நிரப்பினால்தான் மதிப்பெண் என்று பழகிய குழந்தை, ஓரிரு ஆண்டுகளில் அச்சிட்ட யானையைப் பார்த்து வரையத் தொடங்கிவிடுகிறது. தன் யானையை அது பிறகு வரைவதில்லை.

ஆகவே படத்தைப் பகிர்வதற்கு முன், இது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று குழந்தையிடம் கேட்போம். சொல்வதைப் பின்புறம் தேதியோடு எழுதி வைப்போம். சிற்றில் கட்டிய சிறுமியர் வேண்டியதும் ஏறக்குறைய இவ்வளவுதான்.