பிசிறு பொறுக்கிய கதை

மலர்க் குழுவினர் போன் செய்து, "கம்ப்யூட்டர் சம்பந்தமா ஏதாவது எழுதுங்க சார், பழசும் இருக்கணும், இப்போ படிக்கிற பசங்களுக்கும் புரியணும்" என்றார்கள். பழசும் புதுசும் சந்திக்கிற இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அந்தக் கறுப்புத் திரை!

என் வகுப்புத் தோழர்களுக்கு நினைவிருக்கும். கம்ப்யூட்டர் சென்டருக்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். கல்லூரியிலேயே ஏ.சி. இருந்த ஒரே அறை அதுதான் என்பதால், ப்ரோக்ராம் எழுதத் தெரியாதவர்கள்கூட வெயில் காலத்தில் தவறாமல் ஆஜராவார்கள். யூனிக்ஸ் டெர்மினலில் ப்ரோக்ராமை அடித்து, 'லின்ட்' என்று ஒரு கட்டளை கொடுத்தால் திரை முழுக்கக் குற்றச்சாட்டு ஓடும். எங்கள் லேப் உதவியாளர் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தார்.

அந்த மாமியாரைப் படைத்தவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஸ்டீபன் ஜான்சன். 'யாக்' என்ற கருவியையும், பல கணினிகளுக்கும் மாற்றக்கூடிய சி கம்பைலரையும் எழுதியவரும் இவர்தான். 1970களின் பிற்பகுதியில் யூனிக்ஸை வேறு கணினிகளுக்குக் கொண்டுபோகும் வேலை நடந்தது. ஒரு மெஷினில் ஒழுங்காக ஓடிய சி நிரல் இன்னொன்றில் காலை வாரியது. கம்பைலரோ வேகமாக மொழிபெயர்த்துத் தள்ளுவதற்காக எழுதப்பட்டது. நின்று நிதானமாகக் குறை சொல்ல அதற்கு நேரமும் கிடையாது, நினைவகமும் கிடையாது. எனவே குறை சொல்வதற்கென்றே தனியாக ஒரு ப்ரோக்ராம் எழுதினார். 1978-ல் அதைப் பற்றிய அறிக்கை வந்தது. 1979-ல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வெளியுலகுக்குப் போனது.

லின்ட் என்றால் துணியில் ஒட்டிக்கொள்ளும் பிசிறு. (பஞ்சாலைக்காரர்களிடம் கேட்டால் கொட்டை நீக்கிய பஞ்சைத்தான் லின்ட் என்பார்கள். அவர்களுக்கு அது காசு, நமக்குத் தூசு!) அறிவித்துவிட்டுப் பயன்படுத்தாத மாறி, எந்த வழியிலும் போய்ச் சேர முடியாத வரி, மூன்று மதிப்புகள் கேட்கும் ஃபங்ஷனுக்கு இரண்டு கொடுத்து அழைப்பது என எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்கும். ஜான்சன் இன்னொன்றும் செய்திருந்தார். "இந்த இடத்தில் நீ வாயை மூடு, எனக்குத் தெரியும்" என்று லின்ட்டுக்குச் சொல்லும் குறிப்புகளை நிரலுக்குள்ளேயே எழுத வழி வைத்தார். 'நாட்ரீச்டு' என்று ஒரு குறிப்பு, 'ஆர்க்ஸ்யூஸ்டு' என்று ஒரு குறிப்பு. கடைசித் தீர்ப்பு எழுதியவன் கையில் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இதில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு.

2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசர அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. 'கோடு ஃபெயில்' என்ற வரி தவறுதலாக அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. இரண்டாவது வரி எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாதது. அதனால், பேசுவது உண்மையான சர்வர்தானா என்று கையெழுத்தைச் சரிபார்க்கும் பகுதிக்கு நிரல் போகவே இல்லை. 'போய்ச் சேர முடியாத வரி' என்று லின்ட் 1978-லேயே கத்திய அதே விஷயம்! கம்பைலரிலும் அந்த எச்சரிக்கை இருந்தது, ஆனால் தனியாகக் கேட்டால்தான் சொல்லும்.

மறுபக்கம் டெபியன் கதை. 2006-ல் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில், "தொடக்க மதிப்பு தராத நினைவகத்தைத் தொடுகிறாய்" என்று சோதனைக் கருவிகள் முணுமுணுத்தன. டெபியன் பராமரிப்பாளர் ஒருவர் மற்றவர்களையும் கேட்டுவிட்டுத்தான் அந்த வரிகளை எடுத்தார். கருவி அமைதியானது. ஆனால் ரகசியச் சாவி தயாரிக்கத் தேவையான தற்செயல் தன்மையை உள்ளே சேர்த்தது அதே வரிதான். அதன்பின் கலக்கக் கிடைத்தது ப்ராசஸ் எண் ஒன்றுதான். அதில் 32,768 வாய்ப்புகளுக்கு மேல் இல்லை. 2008 மே மாதம் வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. உலகம் பூராவும் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று.

லின்ட் குறை மட்டும்தான் சொல்லும், கை வைக்காது. நடத்தை மாறாமல் உள்ளமைப்பை மாற்றும் 'ரீஃபேக்டரிங்' பற்றி வில்லியம் ஆப்டைக் 1992-ல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1999-ல் மார்ட்டின் ஃபவுலரின் புத்தகம் அதைப் பிரபலமாக்கியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் என்னென்ன உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆப்டைக் நிபந்தனை எழுதிவைத்தார். நிபந்தனை பொருந்தாவிட்டால் மாற்றக் கூடாது.

2023-ல் 'ஏய்டர்' வந்தது. 2025-ல் ஆந்த்ராபிக்கின் 'கிளாட் கோட்', ஓபன்ஏஐயின் 'கோடெக்ஸ்', கூகுளின் 'ஜெமினி' என்று கமாண்ட் லைனில் வரிசை கட்டின. இவை லின்ட்டைத் தாமே ஓட்டும், குறையைப் படிக்கும், ஃபைலைத் திருத்தும், டெஸ்ட்டை ஓட்டும், "மாற்றட்டுமா?" என்று கேட்கும். ஆப்டைக்கின் நிபந்தனைப் பட்டியல் இங்கே கிடையாது. அனுபவசாலி போல ஊகிக்கிறது. பெரும்பாலும் சரியாகவே ஊகிக்கிறது. காவல் நிற்பது நாம் எழுதி வைத்த டெஸ்ட் மட்டும்தான்.

போன வருஷம் ஒரு பழைய சம்பளப் பட்டியல் நிரலை அப்படி ஒரு கருவியிடம் கொடுத்தேன். எது என்று சொல்லப் போவதில்லை. இருநூறுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள். ஒரு வாரம் ஆகியிருக்க வேண்டிய வேலை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. எச்சரிக்கை பூஜ்யம், டெஸ்ட் எல்லாம் பாஸ். எனக்கு ஒரே சந்தோஷம். கண்ணை மூடிக்கொண்டு 'யெஸ்' கொடுக்கப் போனேன்.

என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்த நம் கல்லூரி மாணவி, மாற்றப் பட்டியலை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தவர், "சார், இந்த எஃப்கெட்ஸ் வரி போயிடுச்சே, பரவாயில்லையா?" என்றார்.

பார்த்தேன். ஒரு வரி படித்து ஒரு மாறியில் போட்டிருந்தேன். அந்த மாறியை அப்புறம் எங்கும் தொடவில்லை. 'பயன்படாத மாறி' என்றது எச்சரிக்கை. கருவி மாறியோடு படிக்கும் அழைப்பையும் சேர்த்துத் தூக்கிவிட்டது. அந்த அழைப்பு இருந்ததே ஃபைலின் தலைப்பு வரியைத் தாண்டிப் போகத்தான். டெஸ்ட் ஃபைல்களில் தலைப்பு வரியே இல்லை, ஆகவே அவை பாஸ். அப்படியே விட்டிருந்தால் 'பெயர்' என்பவர் முதல் ஊழியராகச் சம்பளப் பட்டியலில் ஏறியிருப்பார்!

தப்பு கருவியுடையது மட்டும் இல்லை. ஏன் அந்த வரி என்று ஒரு குறிப்பு எழுதாமல் போனது நான்.

அந்த மாணவி வரியைத் திரும்பச் சேர்த்து, அதன் மேலே, "தலைப்பு வரியைத் தாண்டுவதற்காக, நீக்க வேண்டாம்" என்று எழுதினார். தலைப்பு வரியோடு ஒரு டெஸ்ட் ஃபைலும் சேர்த்தார். மறுபடி கருவியை ஓட்டினோம், அந்த வரியைத் தொடவில்லை. இப்போது அவர் இறுதியாண்டு. விழா அன்று வரவேற்பு மேஜையில் பேட்ஜ் கொடுத்துக்கொண்டிருப்பார் என்று கேள்வி.