வராக அவதாரம்

திருமால் பன்றி உருக்கொண்டு, நீரில் மூழ்கிய நிலத்தை எயிற்றில் ஏந்தி மீட்ட அவதாரம். தசாவதார வரிசையில் மூன்றாவது. பழந்தமிழில் பன்றிக்குக் கேழல், ஏனம் என்றும் பெயர்கள் உண்டு.

அறம் தாழும்போதெல்லாம் இறைவன் தோன்றுவான் என்பது கீதை கூறும் அவதாரக் கொள்கை. இராமனும் கண்ணனும் கொடியோரை அழித்து அறத்தை நிலைநாட்டினர். வராகத்தின் வேலை அதற்கும் முந்தியது. உயிர்கள் காலூன்ற நிலமே இல்லாதபோது அறத்துக்கு ஏது இடம்? முதலில் நிலம் மீள வேண்டியிருந்தது.

கதையின் வேர் வேதத்தில் இருக்கிறது. தைத்திரீய சங்கிதையிலும் சதபத பிராமணத்திலும் நிலத்தை மீட்கும் பன்றி பிரஜாபதியோடு தொடர்புடையது. பின்னரே அது திருமாலின் அவதாரமாயிற்று. விஷ்ணு புராணம் அதை வேள்வியின் வடிவாகவே காட்டுகிறது: கால்கள் வேதங்கள், கோரைப்பற்கள் வேள்வித் தூண்கள், நாக்கு தீ, உடல் மயிர் தர்ப்பை. அங்கே நிலத்தை மீட்கும் பகுதியில் அசுரன் எவனும் இல்லை. இரணியாட்சன் என்ற அசுரனோடு நடந்த போரை விரிவாகச் சொல்வது பாகவதம். இன்று பலர் அறிந்தது இந்தப் போர்க்கதையைத்தான். பழைய வடிவமே ஆழமானது என்று தோன்றுகிறது. அதில் பகை இல்லை, மீட்பு மட்டுமே உண்டு.

சிற்பிகளை இக்கதை பெரிதும் ஈர்த்தது. மத்தியப் பிரதேசத்தில் விதிசாவுக்கு அருகே உதயகிரியின் ஐந்தாம் குடைவரையில், குப்தர் காலத்து வராகர் ஆளுயரத்தின் இரு மடங்குக்கும் மேலாக எழுந்து நிற்கிறார். நிலமகள் அவர் எயிற்றைப் பற்றித் தொங்குகிறாள். பின்னால் முனிவர்கள் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். அதே மாநிலத்தின் ஏரணில் முழுப் பன்றி உருவமே உண்டு. அதன் மீது ஹூண மன்னன் தோரமாணனின் கல்வெட்டு இருக்கிறது. மாமல்லபுரத்துப் பல்லவச் சிற்பி கதையின் அடுத்த கணத்தைச் செதுக்கினான். மீட்பு முடிந்துவிட்டது, நிலமகள் வராகரின் மடியில் அமர்ந்திருக்கிறாள்.

சாளுக்கியர் பன்றியைத் தம் கொடியிலும் முத்திரையிலும் வைத்தனர். வராகன் என்ற பொற்காசின் பெயரும் இவ்வுருவிலிருந்து வந்ததே. தமிழகத்தில் ஸ்ரீமுஷ்ணமும் திருவிடந்தையும் வராகர் தலங்கள்.

ஓர் ஊழியே கேழலின் பெயர் பெற்றதைப் பரிபாடலின் இரண்டாம் பாடல் குறிக்கிறது. வைதிகச் சடங்குகளின் தொடக்கத்தில் சங்கற்பம் செய்வோர், நடக்கும் காலத்தை இன்றும் சுவேதவராக கற்பம் என்றே சொல்கிறார்கள்.