'எக்ஸோடஸ்டர்' என்ற சொல்லும் நிக்கொடிமஸ் என்ற ஊரும்

கான்சஸ் மாநிலத்தின் வடமேற்குச் சமவெளியிலுள்ள கிரஹாம் கவுண்டியின் வரலாற்றை எழுதுவோர், அங்குக் குடியேறிய கறுப்பின மக்களை 'எக்ஸோடஸ்டர்' என்றே குறிப்பிடுகின்றனர். யாத்திராகமத்தை நினைவூட்டும் இச்சொல், 1879இல் தென்மாநிலங்களின் வன்முறைக்குத் தப்பிப் பெருந்திரளாகக் கான்சஸுக்கு வந்தவர்களைச் சுட்டுவது. நிக்கொடிமஸ் ஊரோ 1877இலேயே தோன்றிவிட்டது. இரண்டே ஆண்டு வேறுபாடுதான். ஆயினும் இந்தச் சொல் ஒரு திட்டமிட்ட முயற்சியை வெறும் தப்பியோடலாக்கிவிடுகிறது.

ஊரை நிறுவியது ஒரு நிறுவனம். அதன் தலைவர் டபிள்யூ. எச். ஸ்மித் கறுப்பினத்தவர், பொருளாளர் டபிள்யூ. ஆர். ஹில் வெள்ளையர். துண்டறிக்கைகள் அச்சிடப்பட்டன, மனைகளுக்குக் கட்டணம் வசூலிக்கப்பட்டது. கென்டக்கியிலிருந்து முந்நூறு பேரளவில் வந்தனர். அறிக்கை காட்டிய வளம் அங்கு இல்லை, மரம்கூட அரிது. 1878இல் வந்த வில்லியானா ஹிக்மன் ஊர் எங்கே என்று வினவியபோது, தரையிலிருந்து எழுந்த புகையைத்தான் கணவர் சுட்டிக்காட்டினாராம். மக்கள் நிலத்தைக் குடைந்து, அக்குழிகளில் வாழ்ந்துகொண்டிருந்தனர். முதல் குளிர்காலத்தில், வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் உணவு பகிர்ந்தனர் என்பது வழிவழிச் செய்தி. கான்சஸ் நிலத்தை இழந்து தெற்கே அனுப்பப்பட்டிருந்தவர்கள் அவர்கள்.

கவுண்டி நிருவாகம் 1880இல் அமைந்தது. நிக்கொடிமஸில் குடியேறியிருந்த எட்வர்ட் மெக்கேப் அதன் எழுத்தர் பதவியிலிருந்து உயர்ந்து, 1882 தேர்தலில் மாநிலத் தணிக்கையாளரானார். தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரின் வாக்குரிமை நசுக்கப்பட்டுவந்த காலம் அது. அகதிகள் என்ற சட்டகத்துக்குள் மெக்கேப் எளிதில் அடங்குவதில்லை.

ஊரை வீழ்த்தியது வறட்சி மட்டுமன்று. இரயில் பாதையை ஈர்க்க 1887இல் ஊரார் 16,000 டாலர் கடன்பத்திரங்களுக்கு ஒப்புதல் அளித்தனர். மிசௌரி பசிபிக் வரவில்லை. மறு ஆண்டு யூனியன் பசிபிக் தண்டவாளம் சாலமன் ஆற்றின் தென்புறமாகச் சென்றது. வணிகர்களும் ஆற்றைக் கடந்து போக் என்ற புதிய ஊருக்குப் பெயர்ந்தனர். சிலர் கடைக் கட்டடங்களையே பெயர்த்துச் சென்றனர். மெக்கேப் பின்னர் ஓக்லஹோமாவுக்குச் சென்று லாங்ஸ்டன் நகர் உருவாகக் காரணமானார்.

நிக்கொடிமஸ் 1996இல் தேசிய வரலாற்றுத் தலமாயிற்று. ஆண்டுதோறும் சூலை இறுதியில் வழித்தோன்றல்கள் அங்கே கூடுகின்றனர். இவ்விழாவின் வேர் லிங்கனின் பிரகடன நாளில் இல்லை. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1834 ஆகஸ்ட் 1இல் உள்ளது.