பெயரும் நல்கையும்: பிரித்தானியப் புவியியல் ஆய்வு தரும் பாடம்

ஒரு துறைக்கு இடப்படும் பெயர், அத்துறையில் ஆராயும் மாணவரின் வாழ்வாதாரத்தையும் வரையறுக்கக்கூடும். பிரித்தானியாவில் புவியியல் முனைவர் பட்ட ஆய்வுகள் நல்கை பெற்ற வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1965ஆம் ஆண்டில் அந்நாட்டில் புதிய ஆய்வு மன்றங்கள் தோன்றின. ஆற்றையும் மண்ணையும் ஆராய்வோர் இயற்கைச் சுற்றுச்சூழல் ஆய்வு மன்றத்தை நாடினர்; மக்கள் வாழ்விடங்களை ஆராய்வோர் சமூக அறிவியல் ஆய்வு மன்றத்தை நாடினர். ஒரே வகுப்பில் பயின்றோர் இருவேறு வாயில்களில் நிற்க நேர்ந்தது.

1981இல் கல்வி அமைச்சரான கீத் ஜோசப், சமூக ஆய்வை அறிவியல் எனல் தகுமோ என ஐயுற்றார். மன்றத்தை மதிப்பிட ராத்சைல்டு பிரபுவை அமர்த்தினார். மன்றத்தைக் கலைத்தல் கூடாது என 1982இல் வெளிவந்த அறிக்கை பரிந்துரைத்தது. மன்றம் நிலைத்தது, ஆயின், 1983இல் அதன் பெயர் ‘பொருளாதார, சமூக ஆய்வு மன்றம்’ என மாறிற்று. ‘அறிவியல்’ நீங்கியது, ‘பொருளாதாரம்’ முன்வந்து அமர்ந்தது.

அதே பத்தாண்டில் புவியியலாளர் பலர் வேறு திசையில் நடந்தனர். நினைவுச்சின்னம், நிலக்காட்சி ஆகியவை மக்களுக்கு உணர்த்தும் பொருளை வினவினர். 1988இல் அவர்களது சமூகப் புவியியல் ஆய்வுக்குழு, தன் பெயரில் ‘பண்பாடு’ என்னும் சொல்லையும் சேர்த்துக்கொண்டது. வரலாறு, இலக்கியம், மொழி முதலிய துறைகளுக்கென 1998இல் தோன்றிய நல்கை வாரியம், 2005இல் முழு மன்றமாயிற்று. 2018இல் இம்மன்றங்கள் யாவும் ஒரே குடையின்கீழ் வந்தன. எனினும் வாயில்கள் இன்றும் தனித்தனியே உள்ளன.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். குடியேறியோர் வாழும் நகர்ப்பகுதி ஒன்றை ஆராய விழையும் மாணவர், வீட்டு வாடகையையும் வேலைவாய்ப்பையும் முன்னிறுத்தினால் ஒரு வாயில். வழிபாட்டிடத்தையும் தெருப்பெயர்களையும் முன்னிறுத்தினால் மற்றொரு வாயில். அம்மக்களின் வாழ்விலோ இவை பிரிந்து கிடப்பதில்லை. வாடகை உயர்ந்து ஒரு குடும்பம் இடம்பெயர்ந்தால், அத்தெருவில் ஒலித்த மொழியும் உடன் பெயர்கிறது. இரண்டையும் இணைத்து நோக்கும் ஆய்வேடே உண்மைக்கு நெருக்கமானது. எந்த மன்றத்துக்கும் முழுதும் உரியதாகாமல் நின்றுவிடும் இடரும் அதற்கே மிகுதி.

ஆய்வு நல்கை நாடும் நம் மாணவர்க்கும் இதில் பாடம் உண்டு. விண்ணப்பத்தின் சொற்களை மன்றத்திற்கேற்ப மாற்றுதல் முறையே. ஆய்வு வினாவையே மாற்றிக்கொள்வது இழப்பாகும். முதலில் வினாவைத் தம் சொந்தச் சொற்களில் எழுதி வைத்துக்கொண்டு, பின்னரே வாயிலைத் தேர்க. எங்கே சொல் மட்டும் மாறுகிறது, எங்கே வினாவும் உடன் மாறிவிடுகிறது என்பதைப் பிரித்துக் காட்டுவது ஆசிரியரின் கடமை.