போற்றுதலின் பொருள்

ஒன்றும் வேண்டாத இறைவனுக்கு மாந்தர் கூறும் புகழ்மொழி எதற்கு என்னும் ஐயம் அன்பர் பலர்க்கும் எழுவதே. இதற்கு விடை காண நம்பியாரூரர் வரலாறு பெரிதும் துணை செய்யும்.

புத்தூர் மணப்பந்தலில் ஆளோலை காட்டி வழக்கிட்ட முதிய அந்தணரை நம்பியாரூரர் பித்தன் என்று இகழ்ந்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூரில் முடிந்தபின், வந்தவர் இறைவனே எனத் தெளிந்து நின்றவரை நோக்கி, பாட்டே தனக்கு உகந்த அர்ச்சனை என்றருளிய பெருமான், இகழ்ந்த அச்சொல்லையே கொண்டு பாடப் பணித்தான் என்பர் சேக்கிழார். வசையாக எழுந்த சொல்லே முதற்பதிகத்தின் முதற்சொல்லாயிற்று! சொல் மாறவில்லை, சொன்னவர் உள்ளம் மாறிற்று.

அவரே திருப்புகலூரில், வலியற்றாரை வீரர் என்றும் ஈயாதாரை வள்ளல் என்றும் பாடித் திரியும் புலவர்க்கு இரங்கி, அவரை இறைவன்பால் ஆற்றுப்படுத்துகிறார். மனிதரைப் புகழ்வார் இல்லாததை ஏற்றிச் சொல்லக்கூடும். இறைவனுக்கு ஏற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? உள்ளதை உணர்ந்து சொல்வதே அங்குப் புகழ். ஆதலின் பொய்க்கு அங்கே இடமில்லை, ஊடலுக்கு உண்டு. சங்கிலியாரைப் பிரியேன் என்ற சூளுறவு பிழைத்துத் திருவொற்றியூரில் கண்ணிழந்து, காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மற்றொரு கண்ணும் பெறுமளவும் அவர் இறைவனை நெருங்கி நின்றே வழக்காடினார். அம்முறையீடுகளும் ஏழாந் திருமுறையில் தோத்திரமாகவே வைத்துப் போற்றப்படுகின்றன.

இப்பாடல்களை ஓதுதல் நித்திய வழிபாட்டின் உறுப்பாகியதைக் கல்வெட்டுகள் காட்டும். கி.பி. 9ஆம் நூற்றாண்டிலேயே திருவல்லத்துப் பல்லவர் சாசனம் திருப்பதியம் பாடுவாரைக் குறிக்கிறது. தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டளவில், அதாவது கி.பி. 1014ஐ ஒட்டி, திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் நியமித்தான். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்பட்டது. விளக்குக்கு நெய்யும் அமுதுக்கு அரிசியும் போல, புகழுக்கும் நிவந்தம்!

மன்னன் வெற்றிகளைக் கூறும் மெய்க்கீர்த்தி அக்கோயிற் கல்லிலேயே நிற்கிறது. இறைவன் புகழையோ அவன் அடியார் நாவில் வைத்தான். பிடாரருள் ஒருவர் இறந்தாலோ ஊர் பெயர்ந்தாலோ அவர்க்கு அணுக்கராயினார் அந்நெல்லைப் பெற்றுப் பாடவேண்டும். அவர் தகுதியற்றவராயின் தகுதியுடையார் ஒருவரை அமர்த்திப் பாடச் செய்யவேண்டும் என்று விதித்திருக்கிறான்.