நம் ஊர்ப் பள்ளிக்கு யார் பணம் கொடுத்தார்கள்?

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொத்து வரி கட்டுகிறோம். குப்பை, தெருவிளக்கு, சாலை, மழைநீர்க் கால்வாய் என்று மாநகராட்சியிடம் உரிமையோடு கேட்கிறோம். பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. "அது அரசாங்கத்தோடது" என்று விட்டுவிடுகிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன் அப்படி இல்லை. ஆரம்பப் பள்ளி உள்ளூர் வரிப் பணத்தில் நடக்க வேண்டியதாகவே கருதப்பட்டது. அந்தப் பொறுப்பு எப்படிக் கைமாறியது, அதில் பம்மல் போன்ற ஊர் பெற்றது என்ன, இழந்தது என்ன என்று சுருக்கமாகப் பார்ப்போம்.

கல்வி வரியும் ஓரணாச் சோறும்

1920இல் மதராஸ் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. உள்ளாட்சிகள் கல்விக்கென்று தனி வரி விதிக்கலாம். அரசும் தன் பங்கைச் சேர்க்கும். அதே ஆண்டில் பி. தியாகராய செட்டியார் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட முடிவு செய்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. சோறு கிடைத்ததும் பிள்ளைகள் வந்தார்கள். ஆனால் ஆரம்பக் கல்வி நிதியைச் சாப்பாட்டுக்குச் செலவிட அரசு ஒப்பவில்லை. 1925இல் அந்த ஏற்பாடு நின்றது. வரி கட்டியது உள்ளூர். எதற்குச் செலவழிக்கலாம் என்று முடிவு செய்தது மேலிடம். இந்த இழுபறி பிறகும் தொடர்ந்தது.

ஆறு பைசாவும் நாலு பைசாவும்

காமராசர் முதல்வராக இருந்தபோது 1956இல் மதிய உணவு மாநிலம் முழுவதற்குமான திட்டமாயிற்று. ஒரு சாப்பாட்டுக்குப் 10 பைசா. அதில் 6 பைசா அரசு, மீதி 4 பைசா ஊர்க்காரர்கள். அந்தக் காலத்தில் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். முதலில் நடந்தது அன்றைய நம் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கடம்பத்தூரில். நிலம், கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம் என்று முடிந்ததை ஊர்க்காரர்கள் கொடுத்தார்கள். கொடுத்தவர்களின் பிள்ளைகளும் அதே பள்ளியில்தான் படித்தார்கள்.

1960களின் தொடக்கத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. ஜில்லா போர்டு பள்ளிகள் அவற்றின் கைக்குப் போயின. நம் பக்கத்துக்குப் புனித தோமையார்மலை ஒன்றியம். ஊர்கள் பேரூராட்சியாகி, நகராட்சியாகி, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சிக்குள் போன பிறகும், இப்புறநகரில் பல தொடக்கப் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் "ஊராட்சி ஒன்றிய" என்ற சொல் நீடித்ததற்குக் காரணம் இதுதான்.

1981: பெரிய மாற்றம்

1981 ஜூன் 1 முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். ஊர்க்காரரின் நாலு பைசாவுக்கு இனி வேலையில்லை.

இது நல்லதா? அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே பள்ளி மாவட்டம் ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் வசூலாகும் சொத்து வரியைப் பெரிதும் நம்பி நடக்கிறது. 1968இல் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோ நகரின் எட்ஜ்வுட் பகுதிப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். ஏழைகள் வாழ்ந்த அப்பகுதியில் வரி விகிதம் அதிகம். ஆனாலும் உள்ளூர் வரியிலிருந்து மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். பக்கத்து வசதியான ஆலமோ ஹைட்ஸில் குறைந்த விகிதத்திலேயே 333 டாலர். 1973இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் பெற்றோருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

1981இல் பம்மலும் நாகல்கேணியும் தோல் பதனிடும் தொழிலாளர், கல்லுடைப்பவர், சிறு வீட்டுக்காரர்கள் நிறைந்த பகுதி. நம் வரியை மட்டும் நம்பியிருந்தால் நாமும் ஒரு எட்ஜ்வுட்தான். ஆசிரியர் சம்பளத்தை மாநிலம் ஏற்றதால் அடையாறு ஆசிரியருக்கும் பம்மல் ஆசிரியருக்கும் ஒரே சம்பள விகிதம். அந்த நியாயத்தைக் குறைத்து மதிப்பிடக்கூடாது.

போனது என்ன?

பணம் மேலிருந்து வந்தபின் ஊரின் கண் பள்ளியிலிருந்து விலகியது. அதே காலத்தில் மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பெருகின. மனை வாங்கிக் குடிவந்த நம்மில் பெரும்பாலோர் பிள்ளைகளை அங்கே சேர்த்தோம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் பம்மல் 75 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. ஊர் பெருத்தது, அரசுப் பள்ளியில் பிள்ளை உள்ள வீட்டுக்காரர் குறைந்தார். இன்று அங்கே படிப்பவர்களில் வாடகைக் குடித்தனப் பிள்ளைகளும், தினக்கூலிக் குடும்பப் பிள்ளைகளும், வடமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளும் உண்டு. கழிப்பறையில் தண்ணீர் இல்லையென்றால் அதிகாரியைப் பார்க்க அரைநாள் கூலியை விடவேண்டியவர்கள் இவர்களின் பெற்றோர்.

இந்த நிலையிலும் 2025 பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநில அளவில் தேர்ச்சி 93.80 சதவீதம்; அரசுப் பள்ளிகள் மட்டும் 91.26. வித்தியாசம் இரண்டரை சதவீதம்தான். தேர்ச்சி சதவீதம் படிப்பின் தரத்தை முழுவதும் சொல்லிவிடாது. ஆனால் "அங்கே யாரும் படிப்பதில்லை" என்று பேசுவதற்கு இடமில்லை.

மிச்சமிருக்கும் வாசல்

2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவை ஏற்படுத்தியது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன தேவை என்று திட்டம் எழுதுவதும், வந்த நிதி செலவாகும் விதத்தைக் கவனிப்பதும் இதன் வேலை. உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் இதில் இடமுண்டு. 2024இல் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

நம் சங்கத்தில் அரசுப் பள்ளியில் படித்த மூத்தவர்கள் பலர் இருப்பீர்கள். உங்கள் பள்ளித் தலைமையாசிரியரைச் சந்தித்து, மேலாண்மைக் குழு எப்போது கூடுகிறது என்று கேளுங்கள். வார்டு உறுப்பினரைப் பார்க்கும்போது சாலையோடு சேர்த்து மாநகராட்சியின் கல்வி நிதியில் நம் மண்டலப் பள்ளிகளுக்கு என்ன ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பிள்ளை அங்கே படிக்காவிட்டாலும் கேட்கலாம். வரி கட்டுகிறோம், அந்த உரிமை போதும்.