பொம்மையார்பாளையம்: பொருளாதாரமும் குடியிருப்பும்

பொம்மையார்பாளையம் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரி நகருக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த கடலோர ஊர். பொம்மபுரம், பொம்மையபாளையம் என்றும் வழங்கும். நிர்வாகத்தில் இது தமிழ்நாட்டு ஊராட்சி. பிழைப்பில் புதுச்சேரியின் புறநகர். மீன்பிடிப்பும் தோப்புப் பயிரும் திருமடமும் தாங்கி நின்ற இவ்வூரில் இன்று மனை விற்பனையும் விடுதித் தொழிலும் முன்னுக்கு வந்துள்ளன.

அமைவிடம்

தெற்கே சின்ன முதலியார்சாவடியும் கோட்டக்குப்பமும், வடக்கே பிள்ளைச்சாவடியும் காலாப்பட்டும் உள்ளன. இவற்றில் பிள்ளைச்சாவடியும் காலாப்பட்டும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தவை. புதுச்சேரியிலிருந்து சென்னை செல்பவர் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பிள்ளைச்சாவடியில் மறுபடியும் புதுச்சேரிக்குள் போய், பின்னர் திரும்பவும் தமிழ்நாட்டு மண்ணை மிதிக்கிறார். பிரெஞ்சு, ஆங்கிலேய ஆட்சிகள் ஊர் ஊராகப் பிரித்துக்கொண்ட எல்லை அப்படியே நிலைத்ததன் விளைவு இது.

நில வகைகள்

ஊரின் நிலத்தை மூன்று பட்டைகளாகப் பகுக்கலாம். வீடு எங்கே எழும், கிணற்று நீர் எங்கே இனிக்கும் என்பதெல்லாம் இந்தப் பகுப்பைப் பொறுத்தவை.

முதலாவது குப்பத்து மணல். மீனவர் வீடுகள் இங்கே நெருங்கி நிற்கின்றன. படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் மீன் காயவைக்கவும் திறந்த மணல்வெளி வேண்டும். அது பட்டாவில் தனியே குறிக்கப்படாவிட்டாலும் குடியிருப்பின் பகுதியே. மணலில் தேங்கும் மழைநீர் மெல்லிய நன்னீர்ப் படலமாகக் கிடக்கும். மிகுதியாக இறைத்தால் உப்பேறும்.

இரண்டாவது சாலையோரப் பட்டை. கடைகள், உணவகங்கள், விடுதிகள், வாடகை வீடுகள் யாவும் இங்கே குவிகின்றன. அகலம் குறைவு, விலை மிகுதி.

மூன்றாவது செம்மண் மேடு. நிலவியலார் கடலூர் மணற்கல் என்று வகுத்திருக்கும் பாறையடுக்கு இது. இதே வட்டத்திலுள்ள திருவக்கரையின் கல்மரங்களும் இவ்வடுக்கிலேயே புதைந்து கிடந்தவை. இறுகாத மணற்கல் ஆதலால் மழைநீர் இதை எளிதில் அறுத்து, ஆழமான ஓடைகளையும் செந்நிறப் பள்ளத்தாக்குகளையும் உண்டாக்கியுள்ளது. முந்திரி, பனை, சவுக்கு இங்கு இயல்பாக வளரும். மேட்டில் இறங்கும் மழையே நிலத்தடி வழியாகக் கடலோரக் கிணறுகளுக்கு ஊட்டம் தருகிறது. 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட ஆரோவில் பன்னாட்டு நகரியம் இம்மேட்டில் வரப்பு கட்டி, மரம் வளர்த்து, மண் அரிப்பைத் தடுத்தது. கீழுள்ள ஊர்களுக்கும் அது பெரும் நன்மை.

மடமும் தொடக்க காலமும்

ஊரின் பழம்பெருமை பொம்மபுர ஆதீனம். வீரசைவ மரபைச் சேர்ந்த இம்மடத்தின் தலைவர்கள் சிவஞான பாலய சுவாமிகள் என்னும் பட்டப்பெயர் தாங்குவர். மயிலம் முருகன் கோயில் இவ்வாதீனத்தின் ஆளுகையில் உள்ளது. சங்குகன்னர் என்னும் சிவகணத் தலைவரே பாலசித்தராகத் தோன்றி மயிலத்தில் தவமிருந்தார் என்றும், அவர் வழியில் மடம் தழைத்தது என்றும் மரபு கூறும். 17ஆம் நூற்றாண்டுப் புலவர் சிவப்பிரகாச சுவாமிகள் இங்கு வந்து தங்கிய பெருமையும் மடத்துக்கு உண்டு. நன்னெறியும் பிரபுலிங்க லீலையும் இயற்றிய அவர், மானிடரைப் பாடுவதில்லை என்றிருந்தவர். எனினும் சாந்தலிங்க சுவாமிகள் என்னும் துறவியின் தூண்டுதலால் பொம்மபுரம் வந்து, மடத்தின் குருவைத் தாலாட்டாகவும் நெஞ்சுவிடு தூதாகவும் பாடினார். பிற்காலத்தில், 1938இல், ஆதீனம் மயிலத்தில் தமிழ்க் கல்லூரி நிறுவியது. மாசி மகத்தன்று மயிலம் முருகன் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. நெடுஞ்சாலை வருவதற்கு முன்பே வெளியூராரை இக்கரைக்கு அழைத்து வந்தவை மடமும் திருவிழாவுமே.

வளர்ச்சியின் காரணங்கள்

புதுச்சேரி 1954இல் இந்தியாவுடன் இணைந்த பின்னும் வரி, மது, எரிபொருள் விலை வேறுபாடுகளால் எல்லையோர வணிகம் நீடித்தது. 1984இல் பிள்ளைச்சாவடியில் பொறியியல் கல்லூரியும் 1985இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் தொடங்கப்பட்டன. பல்கலைக்கழகம் காலாப்பட்டில் வளாகம் அமைத்தது. மாணவர், ஆசிரியர் வருகை வாடகை வீட்டுக்கு நிலையான தேவையை உண்டாக்கியது. ஆரோவிலின் பட்டறைகளும் விருந்தினர் இல்லங்களும் சுற்றுவட்டாரத்தாருக்கு வேலை தந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலை மேம்படுத்தப்பட்டு, 2002 முதல் சுங்கச்சாலையாக இயங்கத் தொடங்கியதும், சென்னைவாசிகளின் வார இறுதி வருகை பெருகியது. தென்னந்தோப்புகளும் முந்திரிக் காடுகளும் மனைப்பிரிவுகளாயின.

கரை அரிப்பு

இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும்; வடகிழக்குப் பருவக்காற்றின்போது ஓரளவு திரும்பும். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அந்த நகர்வை மறித்தன. வடக்கே கரை மணலின்றிப் பட்டினி கிடந்தது. நகரைக் காக்கக் கருங்கல் கொட்டப்பட்டதும் அரிப்பு கல் முடியும் இடத்துக்கு நகர்ந்தது; கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி எனக் குப்பம் குப்பமாக ஏறி, பொம்மையார்பாளையத்தையும் எட்டியது. படகு நிறுத்த இடமில்லாத குப்பத்தில் மீன்பிடிப்பே தளர்கிறது. 2004 ஆழிப்பேரலை, 2011 தானே புயல், 2024 ஃபெஞ்சல் புயல் ஆகியவை அடுத்தடுத்து இக்கரையைத் தாக்கின.

வீட்டுவசதியும் எதிர்காலமும்

ஊர்ப்புறக் கடற்கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்ப 1991ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை தடை விதித்தது. மீனவர் வீடுகளுக்குச் சலுகை உண்டு. மக்கள் அடர்ந்த ஊர்ப்புறங்களுக்கு இத்தொலைவை 2019ஆம் ஆண்டு அறிவிக்கை 50 மீட்டராகக் குறைத்தது. அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. அதன்பின் நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் பெற்ற மனைக்கே மதிப்பு.

கோட்டக்குப்பம் 2021இல் நகராட்சியாக அறிவிக்கப்பட்டது. மரக்காணம்–புதுச்சேரி இடையே 46 கி.மீ. தொலைவை ரூ.2,157 கோடியில் நான்குவழிச் சாலையாக்க மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது. இதனால் மனை விலை மேலும் உயரும். எனினும் இவ்வூரின் குடியிருப்பு வளர்ச்சிக்கு எல்லை வகுப்பவை கரை மணலும் மேட்டு நிலத்தடி நீரும். துறைமுகத்துக்குத் தெற்கே தேங்கும் மணலை வடக்கே கொண்டுவந்து சேர்ப்பதும், செம்மண் மேட்டைக் கட்டடங்களால் மூடாமல் காப்பதும், குப்பத்தாருக்கு அவர்கள் வாழும் நிலத்திலேயே பட்டா வழங்குவதும் நடந்தால்தான் புதிதாக வருபவருக்கும் நெடுங்காலமாக வாழ்பவருக்கும் இங்கே இடமிருக்கும்.